மூன்று சாம்பிளும் பத்து மில்லியும்

விலை மதிக்க முடியாத அந்தப் பாட்டிலின் விலை நாலு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய். பேரம் பேசிக் குறைத்தது போக.

குறைத்தவர் போடி ஏலக்காய் வியாபாரி ஈஸ்வரபாண்டி. விற்றவர் ராயப்பன்பட்டி ஏசுதாசன், கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்காட்லாந்தில் எப்போதோ இழுத்து மூடிய ஒரு வடிசாலையின் விஸ்கி அது. எழுபத்தொன்பதில் கேப்டன் கையால் கிடைத்த அன்பளிப்பு. அன்றிலிருந்து பரணில், கிறிஸ்துமஸ் குடில் சாமான்களோடு, உடைந்த ஆட்டுக்குட்டி பொம்மைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தது.

ஏசுதாசனுக்கு மதிப்புத் தெரியாது என்று நம்பித்தான் ஈஸ்வரபாண்டி போனார்.

"பழைய சரக்குண்ணே. கெட்டுக்கூடப் போயிருக்கும். உங்களுக்காக ஐயாயிரம் தர்றேன்."

ஏசுதாசன் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். அதன் கூடப்பிறந்த பாட்டில் ஒன்று லண்டன் ஏலத்தில் போன விலை அதில் இருந்தது.

"பேத்தி எடுத்துக் குடுத்துச்சு தம்பி. நீங்க வருவீகன்னு ஊர்ல நேத்தே சொன்னாக."

பிறகு மாட்டுச் சந்தை மாதிரி துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். ஆறு லட்சத்தில் ஆரம்பித்து, ஏசுதாசனின் மோதிர விரல் ஒரு மணி நேரம் கழித்து மடங்கிய இடம்தான் மேலே சொன்ன விலை.

அதில் நாலு லட்சம் ஈஸ்வரபாண்டியின் மனைவி நாகஜோதியின் கழுத்திலிருந்து வந்தது. பத்துப் பவுன் சங்கிலி வங்கிக்குப் போயிற்று. தங்கத்தைவிட விஸ்கி வேகமாக ஏறுகிறது என்று வரைபடம் எல்லாம் காட்டினார். நாகஜோதி வரைபடத்தைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தாள்.

"சித்திரையில வீரபாண்டித் திருவிழா. அன்னைக்கு என் கழுத்துல செயின் கெடக்கணும். இல்லைன்னா நான் கோயிலுக்கு வரமாட்டேன். நீங்க வீட்டுக்கு வர வேணாம்."

ஈஸ்வரபாண்டியை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டது அவருடைய மூக்கு. ஏலக்காய் மூட்டைக்குள் முகத்தை விட்டால், காயில் ஏறிய புகையையும் சாக்கு நனைந்த நாளையும் சொல்லிவிடும் மூக்கு. ஒரே ஒரு வாசனை மட்டும் அதற்குத் தெரியாது: ஏலக்காய். முப்பது வருடம் அதிலேயே மூச்சு விட்டவருக்கு அது வெறும் காற்று. பாயசத்தில் ஏலக்காய் விழுந்ததா என்பதை நாகஜோதியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். இன்னொரு பெருமையும் உண்டு. ஊரில் சிலர் காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றியபோதும் அவர் ஏற்றியதில்லை. ‘கலக்காத பாண்டி’ என்று பெயரே வைத்திருந்தார்கள்.

பூப்பாறையில், மலையாள எல்லைக்குள், ஒரு விடுதியில் விஸ்கி ருசிப்பு விழா. நுழைவுக் கட்டணம் பதினைந்தாயிரம். கொச்சியைச் சேர்ந்த தோட்ட முதலாளி மாத்தச்சன், பாட்டிலை சீல் உடையாமல் கொண்டுவந்தால் ஏழு லட்சம் என்று ஃபோனில் சொல்லியிருந்தார். முதல் நாள் மாலை ஈஸ்வரபாண்டி குடோனுக்குப் போய், இருபத்தைந்து வருடமாகத் தன்னிடம் இருக்கும் சுருளிராஜனிடம் பாட்டிலை ஒப்படைத்தார்.

"ஏலே சுருளி, நாளைக்கு இந்த லாட் பூப்பாறைக்குப் போகுது. ரெடி பண்ணி வை."

அவர் செய்த தப்பு அந்த ஒரு வாக்கியம்தான்.

விழா காலை பதினொரு மணிக்கு. நாக்கு அப்போதுதான் சுத்தமாக இருக்குமாம். ஈஸ்வரபாண்டியைத் தவிர இருபத்திரண்டு பேர், ஆளுக்கு ஆறு கிண்ணம். நடுவில் பெங்களூரிலிருந்து வந்த சுவை நிபுணர் வினோத்ராஜ். பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி எழுத்துகள். முதல் கிண்ணத்தை முகர்ந்து கண்ணை மூடினார்.

"மழை பெய்ஞ்ச லைப்ரரி. பழைய குதிரைச் சேணம். தூரத்துல ஒரு பேரிக்காய்."

இருபத்திரண்டு பேரும் தூரத்துப் பேரிக்காயைக் கண்டுபிடித்துத் தலையாட்டினார்கள். குதிரைச் சேணத்தை அதுவரை முகர்ந்து பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை. ஈஸ்வரபாண்டிக்கு நனைந்த சணல் சாக்குதான் தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினார். பதினைந்தாயிரம் கட்டியிருக்கிறார் அல்லவா.

அடுத்தது அவருடைய பாட்டில், காட்சிக்கு மட்டும். சுருளிராஜன் அதைப் பட்டுத் துணியில் ஏந்திவந்து மேசையில் வைத்தான். பக்கத்திலேயே மூன்று சின்னக் குப்பிகளையும் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றிலும் முப்பது மில்லி. மேலே சீட்டு ஒட்டி, ஏலத்துக்குப் போகும் ஏலக்காய் மூட்டைக்குப் போடுவது போல லாட் நம்பரும் தேதியும் எழுதியிருந்தது.

"இதென்னய்யா?" என்றார் ஈஸ்வரபாண்டி.

"சாம்பிள் மொதலாளி. வாங்குறவுகளுக்கு ஒண்ணு, விக்கிறவுகளுக்கு ஒண்ணு, ஏல ஆபீசுக்கு ஒண்ணு. சாம்பிள் இல்லாம நம்ம குடோன்லருந்து என்னைக்கு லாட் போயிருக்கு? தெறந்ததே தெரியாது, மெழுகுவர்த்தி உருக்கி ஊத்தி நல்லா அடைச்சிருக்கேன்."

வினோத்ராஜ் மூடியைப் பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர்கள் சொல்கிற குரலில், "போயிடுச்சு" என்றார்.

"ஈஸ்வரா, இது எந்தா செய்தது?" மாத்தச்சன் எழுந்துவிட்டார். "சீல் போனா பின்ன கச்சவடம் இல்ல, வியாபாரம் முடிஞ்சு. குடிக்காத வரைக்கும்தான் இது ஏழு லட்சம். குடிச்சா வெறும் விஸ்கி."

ஈஸ்வரபாண்டிக்கு மண்டபம் மறைந்து, வீரபாண்டிக் கோயில் வாசலும் நாகஜோதியின் வெறுங்கழுத்தும் தெரிந்தன.

"சரி, முகத்தையாவது பாத்துடுவோம்" என்று வினோத்ராஜ் ஒரு குப்பியைத் திறந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். மூன்றாம் முறை முகர்ந்தபோது உட்கார்ந்துவிட்டார்.

"ஜென்டில்மென், நாப்பது நாட்டுல குடிச்சிருக்கேன். எந்த மால்ட் விஸ்கிலயும் இந்த வாசம் வந்ததில்ல. பச்சை ஏலக்காய்! ஸ்காட்லாந்து ஓக் மரத்துக்குள்ள ஒரு ஏலத்தோட்டம்!"

குப்பி மூக்கு மூக்காகப் போயிற்று. இருபத்திரண்டு மூக்குகளுக்கும் ஏலக்காய் தெரிந்தது. ஒருவர் அதற்குப் பின்னால் பசும்பாலும் தெரிகிறது என்றார். மாத்தச்சன் கண் கலங்கினார். சொந்தமாக நூறு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். கடைசியாகக் குப்பி ஈஸ்வரபாண்டியிடம் வந்தது. அவர் மூக்கில் ஓக் மரம் இருந்தது, தேன் இருந்தது, லேசாகப் புகை இருந்தது. ஏலக்காய் இல்லை. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. சுருளிராஜனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"ஏலே, இது எந்தக் குப்பிடா?"

"நம்ம ஏலக்காய் எண்ணெய்க் குப்பிதான் மொதலாளி. மூணு தடவ வெந்நி ஊத்திக் கழுவுனேனே."

"இன்னும் எத்தனை இருக்கு?"

"எஸ்டேட்டுக்குத் திருப்பிக் குடுக்கணும்னு ஜீப்ல ஒரு பொட்டி கெடக்கு. அது எதையும் கழுவல."

அதற்குள் வினோத்ராஜ் ஓடிவந்தார். எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கேட்கிறார்களாம். இது விற்பனை இல்லை, பகிர்வு என்று விளக்கினார். முப்பது மில்லி இருபத்தைந்தாயிரம்; ஏற்பாட்டுச் செலவாகத் தனக்கு அதில் நூற்றுக்கு ஐந்து.

ஈஸ்வரபாண்டி கணக்குப் போட்டார். எழுநூற்றைம்பது மில்லி பாட்டில். பரணில் காற்று குடித்தது ஐம்பது, காய் காய்ந்து எடை குறைகிற மாதிரி. சாம்பிளுக்குத் தொண்ணூறு. மிச்சம் அறுநூற்றுப் பத்து. இருபது பேருக்கு வரும். சங்கிலியும் வரும். ஆனால் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் ஏலக்காய் இருக்காது. பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். "நான் ஒரு காய்க்குச் சாயம் போட்டவன் இல்லடா சுருளி."

"யாரு போடச் சொன்னா? நாம என்னத்தைக் கலக்கப் போறோம்? குப்பியில ஊத்திக் குடுக்கப் போறோம், அம்புட்டுதான். தட்டுல சோறு போட்டா தட்டையா கலந்துட்டோம்?"

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவர் மண்டபத்துக்குத் திரும்பி, தொண்டையைச் செருமி, உண்மையைச் சொல்லிவிட்டார்.

"ஐயா, ஒரு விசயம். அந்த ஏலக்காய் வாசம் குப்பியோடது. அது எண்ணெய்க் குப்பி. சரக்குல ஏலக்காயே கெடையாது."

வினோத்ராஜ் சிரித்தார். குழந்தை தப்பாகக் கூட்டிச் சொன்னால் வாத்தியார் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"சாருக்கு ட்ரெய்ன்ட் பேலட் இல்ல, நாக்கு இன்னும் பழகல. முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான். உங்களுக்கு அந்த ஏலக்காய் நோட் கிடைச்சுதா சார், உண்மையைச் சொல்லுங்க?"

"இல்ல" என்றார் ஈஸ்வரபாண்டி. அதுவும் உண்மைதான்.

"பாத்தீங்களா!"

"இவன் வெல ஏத்துறதுக்கு நாடகம் போடுது" என்றார் மாத்தச்சன். "நானும் கச்சவடக்காரனாக்கும். எனக்கு ரெண்டு குப்பி எடு."

கால் மணி நேரத்தில் இருபது குப்பியும் போயின. கழுவாத குப்பிகள் கழுவியவற்றைவிட மேலானவை என்று தீர்ப்பானது. வினோத்ராஜ் அதற்கு, பாட்டிலில் கீழே போகப் போக ஆழம் கூடுவதாகக் காரணம் சொன்னார்.

திங்கட்கிழமை சங்கிலி வீடு வந்தது. திருவிழாவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நாகஜோதி அதைப் போட்டுக்கொண்டு, கணக்கு நோட்டோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். எதிரே ஈஸ்வரபாண்டி பாட்டிலைச் சாய்த்து, அடியில் கிடந்த பத்து மில்லியை டம்ளரில் வடித்தார். குப்பியே தொடாதது. மூன்று மாதம் வட்டி கட்டி வைத்திருந்த சரக்கில் அவர் ஒரு சொட்டுக்கூட இன்னும் நாக்கில் வைக்கவில்லை.

வைத்தார். கொஞ்ச நேரம் வெளியில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"அம்புட்டுதானா? குதிரை, லைப்ரரி எதுவும் இல்லையா?"

"இல்ல ஜோதி. நல்லாருக்கு."

"வினோத்ராஜ்னு ஒருத்தர் ரெண்டு தடவ ஃபோன் பண்ணுனாக. இதே மாதிரி இன்னொண்ணு கெடைக்குமான்னு கேட்டாக."

"குப்பி இருக்கு. பாட்டில்தான் இல்லைன்னு சொல்லு."

அவள் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அவள் மூக்குக்கு ஏலக்காய் தெரியும். பாட்டிலில் அது இல்லை. நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.

வரவு ஐந்து லட்சம். செலவு: பாட்டில் 4,35,000. சங்கிலிக்கு மூன்று மாத வட்டி 12,000. நுழைவுக் கட்டணம் 15,000. நிபுணர் பங்கு 25,000. ஜீப் டீசல் 2,500. குப்பி இருபத்து மூன்று, நாலு ரூபாய் வீதம் 92. மெழுகுவர்த்தி 8. ஆக 4,89,600. மீதி 10,400, வீட்டுக்காரி கணக்கில்.

அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, காலி டம்ளரை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினாள்: ஈஸ்வரபாண்டி பற்று, ருசி பார்த்த வகையில் பத்து மில்லி, ரூ. 8,333. பைசா முப்பத்து மூன்று தள்ளுபடி.