சாய்வை அளந்தவர்

1

“உயரம்னா எதைங்க அளப்பீங்க?”

“மேல இருந்து கீழ வரைக்கும்.”

“எந்த வழியா?”

“என்ன, பஸ் ரூட்டா கேக்கறே?”

கல்யாணமான புதிதில் தார்ப்பாய்க்காரரும் அவர் மனைவியும் பேசிக்கொண்டது இது. மனைவிதான் எனக்குச் சொன்னார். அன்று சிரித்து மழுப்பியவருக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பதினோரு வருடம் வரவில்லை.

2

இந்தக் கதையின் முதல் வரைவை இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘மருந்துக்கடைக்கார அம்மாவின் வீட்டு முற்றத்துக்கு நிழல் தேவைப்பட்ட—’

பொய். மருந்துக்கடைக்கார அம்மா என்று யாருமில்லை. முற்றம் என்னுடையது.

முக்கோண முற்றம். வீட்டுச் சுவர் எட்டு மீட்டர். அதன் இரு முனைகளிலிருந்தும் ஐந்தைந்து மீட்டரில் இரண்டு மதில்கள் சாய்ந்து வந்து வாசலில் சந்திக்கின்றன. வாசலிலிருந்து வீட்டுச் சுவருக்கு நேராக டேப் பிடித்தால் மூன்று மீட்டர். அதுதான் உயரம். ஆனால் நடுவில் என் கார் நின்றது. நிழலுக்குத் துணி கட்ட அளவெடுக்க வந்த தார்ப்பாய்க்காரருக்கு, அதை நகர்த்தச் சொல்லக் கூச்சம். மதிலோரமாக டேப்பை ஓட்டி, ‘அடி 8, உயரம் 5’ என்று சீட்டில் எழுதி என்னிடம் காட்டினார். கல்லூரியில் கணக்குப் படித்த நான், போனில் பேசியபடியே தலையாட்டினேன்.

(மதில் எவ்வளவு நீண்டாலும் பரப்புக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அடியில் பாதி, பெருக்கல் நேர் உயரம். பன்னிரண்டு சதுர மீட்டர் போதும். அவர் வெட்டியது இருபது.)

3

அவர் எப்போதுமே அப்படித்தான் அளப்பார். கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் மனைவி பின்னாலேயே போய் நேர் உயரம் எடுத்து வருவார். கடையில் அவருடைய சாக்பீஸ் கோட்டைத் துடைத்து வேறு கோடு போடுவார். தன் கோடுதான் என்று நம்பி அவர் வெட்டுவார். இந்த முறை மனைவி, பிள்ளை பெற்ற தங்கையோடு நான்கு நாள் இருந்துவிட்டார். திரும்பி வந்து, வெட்டிவைத்த துணிக்கு ஓரம் மட்டும் தைத்தார்.

4

கட்டியதும் துணி பை மாதிரித் தொங்கியது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு முகம் கறுத்தது.

“இவதாங்க தையலைத் தளர விட்டுட்டா.”

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தத் தெருவில் ஆர்டர் வருவதே அந்தத் தையலுக்காக.

எனக்குச் சீட்டு நினைவுக்கு வந்தது. தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது. அதனால்தான் சத்தமாகச் சொன்னேன்:

“இத்தனை வருஷமா தைக்கறீங்க, இதுகூடத் தெரியலையாம்மா?”

[இங்கே என்னைப் பற்றி நல்லதாக ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.]

5

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் அவர் அன்று மாலையே மன்னிப்புக் கேட்க, இருவரும் சிரித்து— நான் வழக்கமாக எழுதும் குடும்பக் கதை. இன்னொன்றில் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு— அதுவும் இல்லை.

நடந்தது இது. மறுநாள் காரை நகர்த்தி வைத்திருந்தேன். மனைவி முற்றத்திலேயே துணியை விரித்தார். வாசலிலிருந்து சுவருக்கு நேராக டேப் பிடித்தார். கோடு போட்டார்.

“எப்பவும் இப்படித்தான் பண்ணுவியா?” என்றார் அவர்.

“நீங்க டீ குடிக்கப் போற நேரத்துல.”

அவர் அந்தக் கோட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலை ஓட்டினார். பிறகு மதிலுக்கு அப்பாலும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: “தையல்ல தப்பில்லீங்க. தப்பா அளந்தது நான்.”

சீட்டைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன்.

அடுத்து அவர் கேட்டதற்கு மனைவி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதை எழுதும் தகுதி எனக்கில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கேட்டதை மட்டும் தருகிறேன். துணியின் ஓரத்தில், மனைவிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“உயரம் எப்படிப் பாக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடேன்.”