அலமாரிக்குள் நாற்பது பல்பு

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். ஆனால் அன்று காலை அவர் கடிகாரக் கடைக்குள் நுழைந்த வேகத்தில், கடைக்காரர் கையிலிருந்த திருகாணியைத் தவறவிட்டுவிட்டாராம். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற மனிதர்தான். அன்று சொன்னதில் பொய் குறைவு.

விஷயம் இதுதான். பள்ளிக்கு அறிவியல் பெட்டி வந்து பத்து மாதமாகிறது. நாற்பது பல்பு, நாற்பது பேட்டரி, ஒயர், காந்தம். 'ஆறு வயது முதல் எட்டு வரை, தாங்களே செய்து பார்க்க' என்று மூடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தலைமையாசிரியை அதைப் படித்தார், மெச்சினார், கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகள் அவருக்குப் 'பூட்டு மேடம்' என்று பேர் வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. டீச்சர் மாதம் தவறாமல் போய்க் கேட்பார்.

"உடைச்சுட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

எப்போதும் அதே பதில். இன்னும் ஒரு வாரத்தில் டீச்சருடைய நாற்பது பேரும் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள், ஒரு ஒயரைக்கூடத் தொடாமல்.

அன்று மேலதிகாரி வருகிறார் என்றதும் பூட்டு சமர்த்தாகத் திறந்துகொண்டது. பார்த்தால், பேட்டரிகள் அத்தனையும் கசிந்து வெள்ளை பூத்துக் கிடந்தன.

"ஓடிப்போய்ப் புதுசு வாங்கிட்டு வாங்க டீச்சர். ஒண்ணு போதும். நீங்க எரிய வைங்க, பசங்க கை தட்டட்டும்."

"கை தட்டவா மேடம்?"

"பின்ன? பொடிசுங்களுக்கு வேற என்ன தெரியும்?"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு போன இடம்தான் அந்தக் கடிகாரக் கடை.

"எத்தனை பேட்டரிம்மா?"

"நாப்பது."

"நாப்பதா! பள்ளிக்கூடத்தையே ஓட்டப் போறீங்களா?"

"அது ஓடாமத்தானே அண்ணே என் வயிறு எரியுது!"

திரும்பி வந்தவர் பல்பு, ஒயர், புது பேட்டரி எல்லாவற்றையும் வகுப்புத் தரையில் பரப்பினார். "ஆளுக்கு ஒண்ணு எடுங்க. எப்படின்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடிங்க."

ஐந்து நிமிடம் ஒரே கூச்சல். பிறகு ஒரு வீறிடல்.

"எரியுது! ஏய், என்னோடது எரியுதுடி!"

"என்னோடது ஏன் எரியல?"

"ரெண்டு முனையிலயும் ஒயர் தொடணும், மக்கு!"

அந்த நேரம் பார்த்து அதிகாரியோடு மேடம் உள்ளே வந்தார். முகம் கறுத்தது. "என்ன டீச்சர் இது, சந்தைக்கடையா?"

டீச்சர் அவரை விட்டுவிட்டு அதிகாரியிடம் திரும்பினார். "பத்து மாசமா பூட்டியே வச்சிருந்தாங்க சார். பேட்டரி செத்தே போச்சு. இந்தப் பிள்ளைங்க இன்னைக்குத்தான் தொடுறாங்க. அதையும் எழுதிக்கோங்க."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "சரி சரி, அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? ஒரு போட்டோ எடுத்துக்கலாம். பசங்களா, கையைக் கட்டிட்டு நேரா உக்காருங்க பாப்போம்."

ஒரு தலைகூட நிமிரவில்லை.

"கட்டச் சொல்லுங்களேன்!" என்று மேடம் டீச்சரின் காதுக்குள் சீறினார்.

"சொல்ல மாட்டேன் மேடம். கையைக் கட்டினா பல்பை யாரு பிடிக்கிறது?"

கடைசியில் அப்படியேதான் படம் எடுத்தார்கள். படத்தில் ஒரு முகமும் தெரியவில்லை. நாற்பது உச்சந்தலைகளும், நடுவில் முறைத்துக்கொண்டு நிற்கிற டீச்சரும்தான்.