ஜட்ஜு மாமன்

என் கணவர் ஞானசிகாமணியைச் சென்னையில் எல்லாரும் ‘மை லார்ட்’ என்றார்கள். ஓடைப்பட்டி கர்ணன் மட்டும் ‘ஏலே’ என்றார். எதைக் கேட்டு இவர் முகம் மலர்ந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அறுபதுகளில் இவர் உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீல். கர்ணன் திராட்சை விவசாயி. கோர்ட் முடிந்ததும் இருவரும் சைக்கிளை மிதித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது இவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் பன்னீர் திராட்சைக் கறை. துவைக்கிறவள் நான். வாய் வலிக்கத் திட்டுவேன். இப்போது அப்படி ஒரு சட்டை துவைக்கக் கிடைக்காதா என்று ஏக்கமாக இருக்கிறது.

கர்ணனின் மனைவி மொக்கம்மாளுக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. மகள் மாயக்காளுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டுமே? கர்ணன் இவரை இழுத்துப்போய் வீரபாண்டி ஆற்றங்கரையில் உட்கார வைத்துவிட்டார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். “வேதக்காரர் மடியிலயா?” என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

“எங்க அண்ணன் மடி. யாருக்கு என்ன?” என்று மொக்கம்மாள் ஒரே போடாகப் போட்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது. இவரும் சேர்ந்து அழுதார்.

பிறகு சென்னைக்குக் குடிபோனோம். எழுபத்தாறில் இவர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். கார் வந்தது, வாசலில் காவல் வந்தது, மனுசர்கள் வருவது நின்றது. விருந்து, விசேஷம் எதற்கும் போகமாட்டார். கோர்ட்டில் வழக்கு உள்ளவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

எண்பதில் ஒருநாள் கர்ணன் ஒரு கூடை திராட்சையோடும் மாயக்காள் கல்யாணப் பத்திரிகையோடும் வந்து நின்றார்.

“ஏலே, தாய்மாமன் சீரு நீதாம்லே கொண்டாரணும்.”

இவர் முகம் வாடிவிட்டது. பங்காளி வீரணன் திராட்சைத் தோட்டம் தனக்கென்று வழக்குப் போட்டிருந்தார். கீழ்க்கோர்ட்டில் கர்ணன் தோற்று, அப்பீல் உயர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. வேறு நீதிபதியிடம்தான் இருந்தது. ஆனாலும் இவர் அசையவில்லை.

“கேசு முடியிற வரைக்கும் உன் வீட்டு வாசல நான் மிதிக்கக் கூடாது கர்ணா. கூடையையும் எடுத்துக்க.”

கர்ணன் கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “சரிங்கய்யா,” என்றார்.

அந்த ‘அய்யா’வில் இவர் ஆடிப்போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், “உங்க நீதியக் கொண்டுபோய் உடைப்புல போடுங்க,” என்று கத்தினேன்.

கல்யாணம் நெருங்கும்போது கர்ணன் மறுபடி வந்தார்.

“கேசு முடிஞ்சிருச்சு. இப்ப வருவியாலே?”

“எப்படி முடியும்? விசாரணைக்கே வந்திருக்காதே!”

“வாபஸ் வாங்கிட்டேன்.”

இவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “கிறுக்குப்பயலே! தோட்டம் போச்சேலே! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டா, கேசப் பத்திப் பேசக் கூடாதும்ப.”

கர்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: “கொடி போனா இன்னொரு எடத்துல நட்டுக்கலாம் தங்கச்சி. மாமன் இல்லாம எம்புள்ள எப்படி மணையில ஒக்காரும்?”

கல்யாணத்தன்று இவர் வேட்டியை மடித்துக் கட்டி, சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, மேளத்துக்குப் பின்னால் நடந்தார். “ஜட்ஜு மாமன் வந்தாக!” என்று தெருவே திரண்டு வந்து பார்த்தது. கர்ணன் வீட்டுக்குத் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வீரணன் அதற்குள் முள்வேலி போட்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கொடியெல்லாம் காய்த்துக் கிடந்தது. இவர் அங்கே நின்றுவிட்டார். மேளமும் நின்றது.

வாசலிலிருந்து கர்ணன் குரல் கொடுத்தார். “அங்கன என்னலே பார்வை? எம்புள்ள காத்திருக்கா, வா!”

இவர் நடந்தார். இரண்டு கையும் தட்டைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. நான்தான் முந்தானையால் துடைத்துவிட்டுக்கொண்டே கூட நடந்தேன்.