மேடம் டீ குடிக்கிறாங்க

அன்று அவளுக்கு வயிறு சரியில்லை. அதனால்தான் டீ குடிக்கவில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

அந்த அணுமின் நிலையத்துக்குள் அரசாங்கத்தின் ஆள் அவள் ஒருத்திதான். பாதுகாப்பு ஆய்வாளர். மாதம் ஒருமுறை அவசர டீசல் என்ஜினை அவள் முன்னால் ஓட்டிக் காட்டுவார்கள். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றுபோனால் உலையைக் குளிரவைக்கும் பம்புகளுக்கு அந்த என்ஜின்தான் கதி. பட்டனை அழுத்திய பத்து விநாடிக்குள் அது உறக்கத்திலிருந்து எழுந்து முழு வேகம் பிடிக்க வேண்டும். அவள் பார்த்தவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சோதனைக்கு முன் ஷிப்ட் இன்சார்ஜ் அவளை டீ ரூமுக்கு அழைத்துப்போவார். டர்பைன் கூடத்தை ஒட்டிய அறை. அந்த இரைச்சலில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஆனாலும் அவர் பேசுவார். மகள் படிப்பு, மூட்டு வலி, பழைய மேலாளரின் கஞ்சத்தனம். நல்ல மனிதர். டீயும் நன்றாக இருக்கும்.

"இன்னைக்கு வேண்டாம் சார். வயிறு கடமுடாங்குது."

"அப்ப வெந்நீராவது குடிங்க மேடம். உக்காருங்க, கொண்டு வரச் சொல்றேன்."

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

வரவில்லை. பாத்ரூமை அடுத்த வாசல் வழியாக வெளியே வந்தாள். காற்று பட்டதும் கொஞ்சம் தேவலை. மறுபடி அந்த இரைச்சலுக்குள் போக மனமில்லாமல் டீசல் கூடத்துக்கு நடந்தாள்.

கூடம் அமைதியாக இருந்தது. என்ஜினுக்கு வேலையாட்கள் பெரியப்பா என்று பெயர் வைத்திருந்தார்கள். எழுப்பினால் இருமும், புகைவிடும், ஊரையே திட்டுவதுபோல் சத்தம் போடும். அதன் பக்கத்தில் ஒருவன் முதுகைக் காட்டி நின்று கந்தைத் துணியால் கை துடைத்துக்கொண்டிருந்தான். அவளுடைய தம்பி, அங்கே கான்ட்ராக்ட் தொழிலாளி.

வயிற்றுக் கோளாறில் அவளுக்குத் தலை சுற்றியது. கைக்குக் கிடைத்ததைப் பிடித்தாள். புகைக் குழாய். அதன் மேலுறை கிழிந்திருந்த இடம்.

கத்தவில்லை. கையை இழுத்துக்கொண்டு உள்ளங்கையைப் பார்த்தாள். வெந்திருந்தது.

என்ஜினின் உடம்பு எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதற்கு ஹீட்டர் உண்டு. புகைக் குழாய்க்குக் கிடையாது. என்ஜின் ஓடினால்தான் அது சுடும்.

தம்பி திரும்பினான். "அக்கா" என்றான். நிலையத்துக்குள் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

சற்று நேரத்தில் சோதனை நடந்தது. பெரியப்பா சொன்ன பேச்சைக் கேட்டார். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. கை வெந்ததால் என்று இன்சார்ஜ் எடுத்துக்கொண்டார்.

"மெதுவா போட்டுக்கலாம் மேடம். மொதல்ல மருந்து போடுங்க."

வீடு ஒன்றுதான். மாடியில் அவள், கீழே தம்பி, அவன் மனைவி, குழந்தை. இந்தப் பதவிக்கு வரும்போதே மேலிடத்தைக் கேட்டிருந்தாள். கூடப்பிறந்தவன் அதே நிலையத்தில் வேலை செய்கிறான், பரவாயில்லையா என்று. கான்ட்ராக்ட் ஆள் நிலையத்தின் ஊழியர் ஆகமாட்டார், ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்தது. தம்பி அதை ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தான். "நான் ஆளே இல்லையாம். சர்க்காரே சொல்லிருச்சு."

அன்று மாலை அவன் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா நடக்குது?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும். டீசல் வர்ற குழாய்ல எங்கயோ காத்து இறங்குது. சும்மா கெடந்தா டீசல் பின்னாடி போயிடும். பட்டனை அமுக்கினா வெறுமனே சுத்தும், பத்திக்காது. கையால பம்ப் அடிச்சு ஒரு தடவை ஓட்டி நிறுத்திட்டா, அப்புறம் தொட்டாப் போதும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். பெரியப்பா ஒரு வாரத்துக்கு மேல படுத்தா உலைய நிறுத்தணும். குழாய் மொத்தமும் மாத்த ஒரு வாரம் பத்தாது. பாத்துக்கலாம்னாங்க. பாத்துக்கிட்டே இருக்காங்க."

"சரி, முன்னாடியே ஓட்டி வைன்னு யாரு சொல்றது?"

"யாரும் சொல்றதில்ல. கூடத்துக்கு ஃபோன் வரும். 'மேடம் டீ குடிக்கிறாங்க'ம்பாங்க. வெச்சுடுவாங்க. அவ்வளவுதான்."

குடித்த டீயெல்லாம் அவள் நினைவுக்கு வந்தது. இன்னொரு கப் சாப்பிடுங்க மேடம் என்று இன்சார்ஜ் வற்புறுத்திய நாட்களும் உண்டு. அன்றெல்லாம் பெரியப்பா முரண்டு பிடித்திருப்பார்.

"எழுதப் போறியா?" என்றான் தம்பி.

"எழுதணும்."

அவள் கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்த தம்பி மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "எழுதுங்க அண்ணி. இவர் பேரு மட்டும் வேண்டாம்."

"எழுத மாட்டேன்."

எழுதவில்லை. என்ஜின் முன்கூட்டியே ஓட்டப்பட்டது, சோதனை செல்லாது, டீசல் வரும் குழாயை மாற்றும்வரை உலையை நிறுத்த வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்பினாள். மேலிடத்து அதிகாரி ஃபோனில் வந்தார்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"ஆறிட்டு வருது சார்."

"முன்னாடியே ஓட்டினதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"புகைக் குழாய் சுட்டுது சார்."

"அது சரி. ஓட்டின ஆள் யாரு? பேரு குடுங்க, கூப்பிட்டு விசாரிக்கிறோம்."

மறுமுனையில் அவர் பேனாவால் மேஜையைத் தட்டுவது கேட்டது.

"அப்ப குழாய் சுட்டதுதான் நம்மகிட்ட இருக்கு" என்றார்.

அதையே எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய அறிக்கை தீக்காயச் சம்பவம் ஆயிற்று. தீவிரம்: சிறிது. இனி யார் கையும் சுடாதபடி நிலையம் புகைக் குழாயைச் சுற்றி இரும்புக் கூண்டு அடித்து, பூட்டுப் போட்டது. மேலுறை கிழிந்ததைக் கவனிக்காத கான்ட்ராக்ட் தொழிலாளியின் நுழைவுச் சீட்டை ரத்து செய்தது. அவன் பேரை அவர்களிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தம்பி வீட்டில் இருந்தான். குழந்தையைப் பள்ளியில் விட்டான், கூட்டி வந்தான். தம்பி மனைவி அவளோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

அடுத்த மாதச் சோதனை நாள். காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே அவள் டீசல் கூடத்துக்குப் போய், என்ஜினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தம்பியின் இடத்துக்கு வந்திருந்த புது ஆள் அவளைப் பார்த்தான், கூண்டைப் பார்த்தான், கூட்டின தரையையே மறுபடி கூட்டினான்.

இன்சார்ஜ் வந்தார். "என்ன மேடம், இங்க உக்காந்துட்டீங்க. வாங்க, டீ ஆறுது."

"இங்கேயே அனுப்பிடுங்க சார். மூட்டு வலி எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு" என்றார். அவர் போனதும் டீ வந்தது. கோப்பை தட்டில் போவதை டீ ரூமில் யாரோ பார்த்து, பழக்க தோஷத்தில் நம்பரைச் சுழற்றியிருக்க வேண்டும். சுவரில் ஃபோன் அடித்தது. புது ஆள் நகரவில்லை. அவள் எழுந்து எடுத்தாள்.

"மேடம் டீ குடிக்கிறாங்க" என்றது ஒரு குரல்.

"ஆமா. நல்லா இருக்கு."

ஃபோன் வைக்கப்பட்டது.

சோதனை நேரத்துக்கு எல்லோரும் வந்து நின்றார்கள். பட்டனை அழுத்தினார்கள். என்ஜினைச் சுழற்றிவிடும் காற்று சீறியது. பெரியப்பா புரண்டார், இருமினார், சுற்றினார். பத்து விநாடி கடந்தது. பற்றிக்கொள்ளவில்லை. கடைசியாக ஒரு பெருமூச்சு. அதன்பின் தொலைவில் டர்பைன் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை பாத்துடலாமா மேடம்?"

"கரண்ட் போறப்ப இன்னொரு தடவை கேப்பீங்களா சார்?"

இன்சார்ஜ் தரையைப் பார்த்தார். "ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச மாசம்தான் இருக்கு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

இதை யாரும் தீக்காயம் என்று சொல்ல முடியவில்லை. விதிப்படி ஒரு வாரம் தந்தார்கள். அதற்குள் என்ஜின் சோதனையில் தேறவேண்டும், இல்லையேல் உலை நிற்கும். இந்த ஒரு தடவைதான் தவறியது, இதுவரை எல்லாம் சரியாகத்தானே இருந்திருக்கிறது என்று மேலிடத்து அதிகாரி சொன்னார். அப்படி இல்லை என்று சாட்சி சொல்ல அவளுக்கு ஒரு ஆள் வேண்டும்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி மனைவி அவளைப் பார்த்துச் சிரித்தாள். வெகுநாள் கழித்து. சமையல்கட்டில் மறுநாளைக்கான டிபன் பெட்டி கழுவி, துடைத்து, மூடி வைத்திருந்தது.

"கான்ட்ராக்டர் கூப்பிட்டாரு" என்றான் தம்பி. "சீட்டு ரெடியாம். நாளைக்கே வரச் சொல்றாரு. கூலியும் கூட."

"குழாய மாத்தச் சொன்னாரா, ஓட வைக்கச் சொன்னாரா?"

"ஒரு வாரத்துல எது முடியும்னு உனக்கே தெரியும்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"நீ போனா அது ஓடும். நானும் பக்கத்துலயே உக்காந்திருக்க முடியாது."

"நான் போகலன்னா வேற ஒருத்தன் போவான். அவனுக்கு நீ அக்காவா?"

"அதனாலதான் கேக்கறேன்."

என்ன கேட்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. தரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அதன் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது, போட்டுவிட்டான்.

"ரெண்டு வருஷமும் எழுது" என்றான். "யாரு ஓட்டினதுன்னும் எழுது. விசாரணைக்குக் கூப்பிட்டா வரேன். அதுக்கப்புறம் எந்த நிலையத்துலயும் கேட்டைத் தாண்ட விடமாட்டாங்க. எழுதும்போது பேரை மட்டும் தப்பில்லாம எழுது அக்கா. ஒரு தடவையாவது சர்க்கார் கணக்குல நான் ஆளா இருந்துட்டுப் போறேன்."

தம்பி மனைவி சமையல்கட்டுக்குப் போனாள். டிபன் பெட்டியின் மூடியைத் திறந்து, ஈரம் போக, கவிழ்த்து வைத்தாள்.