முதற்பாலும் முள்ளந்தண்டும்

கிண்ணியாப் பக்கத்து எருமை வளர்ப்போர் சங்கத் தலைவர் கலீலுர் றஹ்மானுக்கு இரண்டு மாதமாக முதுகு நோவு. பொதுச்சேவையின் பாரம் என்று ஊருக்குச் சொல்லி வந்தார். டொக்டர் பிரியதர்சினி ஸ்கான் படத்தைப் பார்த்துவிட்டு வேறு காரணம் சொன்னார்.

"முள்ளந்தண்டில கிருமி. புருசெல்லா எண்டு பேர். சில பேருக்குத்தான் முதுகில வந்து இருக்கும். பச்சைப் பால் குடிக்கிறனீங்களோ?"

பச்சைப் பால் குடிப்பதுதான் அவருடைய பதவியே. ஆண்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னும் எருமையைக் கறந்து, நுரை அடங்குமுன் முதற்கோப்பையைத் தலைவர் குடித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தலைவர் தெரிவு. ஒன்பது வருடமாகப் போட்டியில்லை.

"டிஸ்க் விலகினதெண்டு எழுதேலாதா, டொக்டர்?"

"எழுதினாலும் கிருமி வாசிக்காது. மூண்டு மாசம் ரெண்டு வகை அன்ரிபயோட்டிக் குளிசை. ஒரு நாளும் தவறப்படாது. இடையில விட்டா நடக்க ஏலாமலும் போகும். பச்சைப் பாலைத் தொடவே வேணாம்."

தலைவர் குளிசைகளை விற்றமின் போத்தலில் போட்டு வைத்தார். உண்மை தெரிந்தது மனைவிக்கு மட்டும். நோயும் கௌரவமாக மறைந்திருந்தது, ஆறாம் வாரத்தில் ஆண்டுக் கூட்டம் வரும்வரை.

தலைமைக் கதிரையில் கண்வைத்திருந்த செயலாளர் றுவைஸ், அண்ணனுக்கு நீட்டும் தம்பியைப் போலக் கோப்பையை இரு கையாலும் நீட்டினார்.

"குடிங்க காக்கா. சனம் பாத்துக்கொண்டிருக்கு."

குடித்தால் முதுகு போகும். குடிக்காவிட்டால் பதவி போகும். தலைவர் அதிகம் யோசிக்கவில்லை. முதுகைக் கைவிட்டு, கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

பெண்கள் பக்கமிருந்து மனைவி ஜெஸீமா எழும்பி மேடைக்கே வந்துவிட்டார்.

"வைங்க கோப்பைய. இந்தப் பச்சைப் பால்தானே ஒங்கட முதுகில கிருமிய வெச்சது. இந்தாங்க, காலைக் குளிசை. தண்ணியோட குடிங்க."

மைக் திறந்தபடி இருந்தது. அடுத்த ஊரான குறிஞ்சாக்கேணி வரை கேட்டிருக்கும்.

தலைவர் குளிசையை விழுங்கினார். சிரித்திருக்க வேண்டிய றுவைஸ் சிரிக்கவில்லை. கை மெல்ல இடுப்புக்குப் போனது.

"மதினி, பின்னேரத்தில காய்ச்சலும் வருமா?"

"வரும். வேர்க்கும். ஏன், ஒங்களுக்குமா?"

"ரெண்டு மாசமா. சொல்ல வெக்கம்."

"எனக்கும்," என்றார் பின்வரிசையில் ஒருவர். அவருக்குப் பக்கத்திலிருந்தவரும் எழும்பினார்.

சற்று நேரத்தில் ஜெஸீமா தலைமைக் கதிரையில் இருந்தார். சங்கம் முழுவதும் அவரைச் சுற்றி நின்றது. தலைவர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார்.

"கூட்டத்தின் அடுத்த விடயம், தலைவர் தெரிவு..."

"கொஞ்சம் பேசாம இரிங்க காக்கா," என்றார் றுவைஸ். "மதினி டொக்டர்ர நம்பர் சொல்றா."