முப்பது மில்லி

சுஜிதன் குனிந்தபோது வயிறு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. எந்த வாசலுக்கும் எந்த மேசைக்கும் அது அவனைவிட ஒரு சாண் முந்திக்கொள்ளும். இன்று அது போய் முட்டியது அக்காவின் சவப்பெட்டியை வைத்திருந்த மரவாங்கில். வாங்கு ஒருதரம் ஆடியது. தலைமாட்டில் இருந்த வாய்க்கரிசித் தட்டம் சரிந்து, அரிசி முழுக்கச் சீமெந்துத் தரையில் கொட்டுண்டது.

ஐயர் பாதி மந்திரத்தில் நின்றார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களும் நின்றார்கள்.

"டேய், பாத்தடா," என்றார் தில்லைநாதன் மாமா. "பெட்டியையும் சரிச்சுப் போடாதை."

"அவனுக்குக் கால் தெரியிறேல்லை மாமா, அவன் என்ன செய்யிறது," என்றது பின்னால் ஒரு குரல். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். வேறொரு செத்தவீடாக இருந்திருந்தால் சுஜிதனே அந்தப் பகிடியை விட்டிருப்பான்.

பக்கத்து வளவு வீரம்மா மட்டும் கிட்ட வந்தாள். குந்தியிருந்து, சிந்திய அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள்.

"குசினிக்குள்ள வேற அரிசி கிடக்கு, விடுங்கோ," என்றார் மாமா.

"அரிசியாச்சுங்களே," என்றாள் அவள், நிமிராமல். கடைசி மணி வாங்கின் காலுக்கு அடியில் போயிருந்தது. அதையும் விரலை விட்டு எடுத்தாள். பிறகு தட்டத்தை அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் மூன்று தரம் எடுத்து அக்காவின் வாயில் போட்டான். உதடு இறுகிக் கிடந்தது. அரிசி உள்ளே போகாமல் கன்னத்தால் வழிந்தது. இந்த வீட்டில் ஒருவர் வாயில் இன்னொருவர் சோறு வைப்பதென்றால் அது அக்கா அவனுக்கு வைத்ததுதான். மறுவளமாக நடப்பது இதுதான் முதல்தரம்.

அக்கா விமலேஸ்வரி முந்தநாள் காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபடியே சரிந்தாள். மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்து, நேற்று விடியப் போய்விட்டாள். வயது நாற்பத்தைந்து. நிறை முப்பத்தொன்பது கிலோ.

சுஜிதனுக்கு முப்பது. நிறை நூற்று நாற்பத்தெட்டு. கிளினிக்கிலிருந்த தராசு நூற்று முப்பதோடு நின்றுவிட்டதால், நெல் ஆலையில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்று எடுத்த கணக்கு அது. ஆலைக்காரன் கொப்பியில் குறிக்கப் போனவன், "என்ன இனமெண்டு போட, சம்பாவோ?" என்று கேட்டான். அந்தக் கதையைச் சுஜிதனே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். மற்றவன் சொல்லுமுன் தான் சொல்லிவிட வேண்டும் என்பது அவனுடைய கொள்கை.

விசுவமடுச் சந்தியில் அவனுக்குப் போட்டோக்கொப்பிக் கடை. அக்காவின் மரண அறிவித்தலையும் அவனே அடித்தான். படம் தேடியபோதுதான், அக்கா தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லையென்று தெரிந்தது. எல்லாப் படத்திலும் அவனுக்குப் பின்னால் நின்றாள். எவ்வளவு வெட்டிப் பார்த்தும் படத்தின் முக்கால்வாசி அவனுடைய தோளாகவே இருந்தது. அதைத்தான் ஒட்டினார்கள். நேற்று மத்தியானம் உடையார்கட்டிலிருந்து வந்த ஒரு தூரத்து மாமி, "ஐயோ சுஜி, என்ரை ராசா, உன்னைப் பறிகுடுத்திட்டமே" என்று படலையிலிருந்தே தலையிலடித்தபடி வந்து, பந்தலுக்குள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த அவனைக் கண்டு அலறிவிட்டாள்.

"நான் இல்லை மாமி, அக்கா," என்றான் அவன். மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் அது வெளியே வந்தது.

இந்த வீட்டில் அடுத்த செத்தவீடு யாருடையது என்று ஊர் முன்னமே தீர்மானித்து வைத்திருந்ததில் அவனுக்குக் கோபமில்லை. வைத்தியரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. நீரிழிவு, பிரஷர், நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது. வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடலாம். கொழும்பில் செய்கிறார்கள். பட்டியலில் பெயர் போட்டு ஒன்பது மாதம்.

வெட்டின பிறகு என்ன சாப்பிடுவதென்று தமிழில் ஒரு தாளும் தந்தார்கள். அதை அவன் மார்கழி மாதத்தில் ஒருநாள் குசினி வாசலில் நின்று அக்காவுக்கு வாசித்துக் காட்டினான், வானொலிச் செய்தி வாசிக்கிற குரலில்.

"முதல் இரண்டு கிழமை கஞ்சித் தண்ணி. ஒரு தரத்துக்கு முப்பது மில்லி. அக்கா, முப்பது மில்லியெண்டா இருமல் மருந்து மூடியாலை இரண்டு மூடி. உனக்கு இனிச் சமையல் வேலையே இல்லை."

அக்கா சிரிக்கவில்லை. நீத்துப்பெட்டியைத் தட்டி இன்னொரு கட்டிப் பிட்டை அவனுடைய கோப்பையில் போட்டாள்.

"செய்யட்டோ, விடட்டோ? சொல்லன்."

"ஆறப்போகுது, சாப்பிடு."

அதற்குப் பிறகு பத்துத் தரமாவது கேட்டிருப்பான். பத்துத் தரமும் கோப்பையில் ஏதோ விழுந்தது. இடையில் அந்தத் தாளும் காணாமற் போனது. அடுப்பில் போட்டுவிட்டாள் என்று நினைத்து அவன் பேசாமல் விட்டான். ஏன் போட்டாள் என்றும் அவனுக்குத் தெரியும். அந்த வீட்டில் பதினாறு வருடமாகக் கஞ்சி காய்ச்சியதில்லை. வைகாசியில் முள்ளிவாய்க்கால் நினைவாக றோட்டோரம் சிரட்டைகளில் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிற நாட்களில் அக்கா படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பாள்.

வாய்க்கரிசி முடிந்து பெட்டி மூடுவதற்குச் சற்று முன்னர் அவனுடைய ஃபோன் அடித்தது. கொழும்பு நம்பர். கிணற்றடிக்குப் போய் எடுத்தான்.

"மிஸ்டர் சுஜிதன், உங்களுக்கு வாற மாசம் நாலாந் திகதி இடம் கிடைச்சிருக்கு," என்றாள் தாதி. "வாறதா இல்லையா எண்டு நாளைக்குப் பத்து மணிக்குள்ள சொல்லணும். இல்லாட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவோம். துணைக்கு நிக்கிறது யாரு? உங்க அக்கா தானே?"

பந்தலில் பறை தொடங்கியிருந்தது.

"என்ன சத்தம்? கோயில் திருவிழாவா?"

"ஓம்," என்றான் சுஜிதன். "நாளைக்குச் சொல்லுறன்."

திரும்பி வந்தபோது மாமா எட்டு முழ வேட்டியோடு நின்றார். நாலு முழம் சுற்றிக் கட்டப் போதாது என்பதை யாரும் சொல்லாமலே அவர் அறிந்திருந்தார். அவன் ஃபோன் விஷயத்தைச் சொன்னான்.

"அந்தரத்துக்குள்ள உதையே கதைக்கிறாய்? ஒண்டு சொல்லுறன் கேள். உன்ரை அக்கா வளத்த வயிறு அது. அதை வெட்டிக் குப்பையிலை எறியப் போறியே?" வேட்டியை இறுக்கி முடிச்சுப் போட்டவர், குரலைத் தாழ்த்தினார். "எண்டாலும் உப்பிடியே இருந்தியெண்டா அடுத்த வருசம் நாங்கள் திரும்பப் பந்தல் போடவேணும். யோசிச்சுச் செய்."

"இப்ப என்ன மாமா, வெட்டவோ, விடவோ?"

"அதுதான் சொன்னனே, யோசிச்சுச் செய்."

பெட்டியைத் தூக்கினார்கள். ஆறு பேர் தேவையே இல்லை. இரண்டு பேர் போதும் போலிருந்தது. படலையில் பெண்கள் நின்றுவிட, வீரம்மா மட்டும் றோட்டு வரைக்கும் வந்தாள்.

"மாமி," என்றான் அவன். "அக்கா உங்களிட்டை ஏதும் சொன்னவாவோ? ஒப்பரேசனைப் பற்றி?"

"மொதல்ல கொள்ளிய வச்சிட்டு வாங்க தம்பி."

இதேபோல்தான் அவள் எப்போதும். அவனிடம் வேறொரு கேள்வியும் இருந்தது, அதையும் வருடக்கணக்காக அவளிடம்தான் கேட்டு வந்தான். ஏனென்றால் முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி மூன்று கிழமையும் ஒரே பங்கருக்குள் இருந்தவர்களில் மிஞ்சியது அக்கா, வீரம்மா, அவன் மூவரும்தான். அப்போது அவனுக்குப் பதினாலு வயது. வரிசையில் நின்று அக்கா பால்மாத் தகரப் பேணியில் கஞ்சி வாங்கி வருவாள். கஞ்சியென்றால் உப்புத் தண்ணீருக்குள் எண்ணக்கூடிய அளவு சோறு. பேணியை அவனிடம் தந்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி இருப்பாள்.

"நீ?"

"நான் வரிசையிலேயே குடிச்சிட்டன்."

அவளுடைய உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. குடித்த உதடு அப்படி இராது. பதினாலு வயதில் அது தெரியாமலிருக்க அவன் என்ன குழந்தையா? தெரிந்தும் பேணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்தான். ஒவ்வொரு நாளும். பிறகு முகாமிலும், வீடு திரும்பிய பிறகும், அக்கா போட்ட ஒரு பருக்கையைக்கூட அவன் மறுக்கவில்லை. மறுத்தால் அந்தப் பேணிகளைப் பற்றிக் கதைக்க வேண்டி வந்துவிடுமோ என்று இருவருக்கும் பயம். இப்படி நூற்று நாற்பத்தெட்டுக் கிலோ சேர்ந்தது.

'அக்கா உண்மையிலை குடிச்சவாவோ?' என்று வீரம்மாவைக் கேட்டால், "வெயிலு என்னமா எரிக்குது பாத்தீங்களா" என்பாள்.

சுடலையில் குடத்தை அவன் தோளில் வைத்தார்கள். சிதையை மூன்று தரம் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் மாமா பின்னால் வந்து கத்தியால் ஒரு துளை போடுவார். முதற் சுற்றில் தண்ணீர் முதுகால் வழிந்தது. இரண்டாவது சுற்றில் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அவன் நின்றான். ஆண்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். எரியப்போகிறவளை ஒருவரும் பார்க்கவில்லை.

"காணும் தம்பி," என்றார் ஐயர். "மூண்டெண்டு மனசிலை நினைச்சுக் குடத்தை விடுங்கோ. சாத்திரம் ஏற்கும்."

சுஜிதன் தலையை ஆட்டினான். மூன்றாவது சுற்றை, சிதையின் விறகைக் கையால் பிடித்துப் பிடித்துச் சுற்றி முடித்தான். குடத்தைப் பின்னால் விட்டபோது அது உடைந்த சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை; தன்னுடைய மூச்சுத்தான் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை.

மாலையில் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு வந்தபோது பந்தலில் பாதிக் கதிரைகள் போய்விட்டிருந்தன. மாமா ஐயரைக் கொண்டுபோய் விடப் போயிருந்தார். குசினியில் அடுப்பு மூட்டவில்லை, செத்தவீட்டில் மூட்டுவதில்லை. துருவலைப் பலகை இன்னும் அக்கா சரிந்த இடத்திலேயே, அரைத் தேங்காயோடு கிடந்தது. யாரும் அதை எடுக்கத் துணியவில்லை. அவன் அதற்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து தரையில் இருந்தான். கதிரைகளை நம்புகிற நாளில்லை இது.

வீரம்மா பின்வாசலால் வந்தாள். கையில் மூடிய சட்டி, இரண்டு கிண்ணம். மூடியைத் திறந்ததும் அவனுக்கு அந்த வாசம் வந்தது. பதினாறு வருடம் அந்தக் குசினிக்குள் வராத வாசம்.

"கஞ்சியோ?"

"ஆமாங்க தம்பி."

அவள் எதிரே குந்தி, சேலை முடிச்சை அவிழ்த்து, நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து அவனிடம் தந்தாள். அடுப்பில் போனதாக அவன் நினைத்த தாள். மடிப்புகள் நைந்து, ஒரு மூலையில் எண்ணெய் ஊறியிருந்தது.

"இது உங்களிட்டையோ இருந்தது?"

"உங்க அக்காதான் கொண்டாந்து குடுத்திச்சு. 'அவன் போகத்தான் வேணும் வீரம்மாக்கா, ஆனா அளந்து ஊத்த என்னால ஏலாது. நீங்க ஊத்துவீங்களா'ன்னு கேட்டிச்சு. எங்க வீட்ல ரெண்டு தடவ காச்சிப் பாத்தோம். கொதிச்சு வாசம் வந்தோன்ன எந்திரிச்சு வெளிய போயிரும். ஆறுனப்பொறம் வந்து, மருந்து மூடிய வச்சு அளந்து பாக்கும்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்களா போறேன்னு சொன்னப்பொறம் தாளக் குடுக்கணும்னு சொல்லிச்சு. தான் சொல்லி நீங்க போனதா இருக்கக் கூடாதாம்." அவள் சட்டியைக் கிளறினாள். "இப்ப நா யாருகிட்ட கேட்டுக்கிட்டுக் குடுக்கறது."

அவன் தாளைத் திருப்பினான். பின்பக்கத்தில், துணைக்கு நிற்பவரின் விவரம் எழுதுகிற இடத்தில், அக்காவின் சரிந்த எழுத்து. 'வீரம்மா' என்று பெயர். கீழே அடையாள அட்டை இலக்கம். ஓர் எண் பிழைத்து, வெட்டி, மேலே திருத்தி எழுதியிருந்தாள்.

வெளியே யாரோ கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ளை சொல்லவேணும்," என்றான். "துணைக்கு ஆரெண்டு கேப்பினம்."

"அதான் எழுதியிருக்கில்ல."

அவள் ஒரு கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிறைத்து அவன் பக்கம் வைத்தாள். மற்றக் கிண்ணம் வெறுமையாக இருந்தது.

"இது கூடிப்போச்சு மாமி. பாதி காணும்," என்றான் சுஜிதன். போதும் என்கிற அந்தச் சொல் அவன் வாயால் வந்ததை இருவரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். கிண்ணத்தைத் தூக்கி மற்றதற்குள் பாதியைச் சரித்தான். கொஞ்சம் சீமெந்தில் சிந்தியது. அந்தக் கிண்ணத்தை அவளுக்கு முன்னால் தள்ளினான்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"நா அப்பவே..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவன் தன் கிண்ணத்தைத் தொடாமல் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய விரல் நகத்துக்குள் காலையில் பொறுக்கிய அரிசியில் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல தம்பி," என்றாள் வீரம்மா. "ஒண்ணும் சாப்பிடல."