ஊதாவுக்கு மூன்று விநாடி

என் மகள் மேகலா ஊதா நிறமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஜப்பானில் ஒரு பாட்டுக் குழுவில் ஆடுகிறாள். எட்டுப் பெண்கள், ஆளுக்கொரு நிறம். வருஷத்துக்கு ஒருநாள் அவள் கையைப் பிடிக்க விடுவார்கள். மூன்று விநாடி.

போன மாதம் அவள் அம்மா செத்துப்போனாள். கடிதம் போட்டேன். பெற்றவர்கள் கடிதத்தை வாங்குவதில்லை என்று திரும்பி வந்தது. நேரில் சொல்லிவிடலாம் என்று சங்ககிரியிலிருந்து லாரியை எடுத்தேன். கடல் வந்த இடத்தில் ஓரமாக ஓட்டினேன்.

"உங்கம்மா போயிட்டா, கண்ணு."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு விநாடி ஆகிறது. மீதி ஒரு விநாடி அவள் அழுவதற்கு.

கை பிடிக்கிற வரிசை ஒரு நீளமான நடையில் நின்றது. நான் நடக்க நடக்க நடையும் நீண்டது. ஒருவரும் குறுக்கே புகவில்லை. குறுக்கே ஆள் புகாத வரிசையை நான் நம்புவதில்லை.

எனக்கு முன்னால் ஒரு ஆள். சட்டை, செருப்பு, பல் எல்லாம் ஊதா.

"நேத்து ஊதா மேடையில அழுதாங்க," என்றான். "நல்லா உழைச்சு அழுதாங்க."

"எதுக்கு அழுதா?"

"நமக்காகத்தானுங்க."

"நான் அவளப் பெத்தவன்."

"மெதுவாப் பேசுங்க. அவங்களுக்கு அப்பனெல்லாம் கெடையாது. எல்லாருக்கும் சமமா இருக்கோணுமல்ல."

என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஊதாப் பாவாடையில் வேறொரு பெண் நின்றாள். பக்கத்தில், தோளைப் பிடித்து ஆளை நகர்த்துகிற காவலாளி.

"மேகலா எங்க?"

"போன வாரம் பட்டம் வாங்கிட்டாங்க," என்றான் காவலாளி. குழுவை விட்டுப் போவதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

"வாங்கிட்டு எங்க போனா?"

"அதக் கேக்கறது மரியாதை இல்லீங்க. ஊதாவுக்கு ஆள் வந்தாச்சு. பிடிங்க."

அவள் என் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் ஒரு தழும்பு. ஏழு வயதில் மேகலா என் லாரி சைலன்சரில் சுட்டுக்கொண்டது. அதே இடம்.

"அப்பா, இன்னும் பீடிய விடலையா?"

குரலும் அவளுடையதுதான். முகம் மட்டும் ஊர் பேர் தெரியாதது.

"நீ யாரு?" என்றேன்.

மூன்று விநாடி முடிந்தது. காவலாளி என்னைப் பிய்த்து எடுத்தான்.

எனக்குப் பின்னால் நின்ற கிழவன் முன்னால் வந்தான். காக்கிச் சட்டை. மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை. அது என் பெண்டாட்டி தைத்தது.

"உங்கம்மா போயிட்டா, கண்ணு," என்றான். சரியாக இரண்டு விநாடி.

அவள் ஒரு விநாடி அழுதாள். நன்றாகவே அழுதாள்.

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். மூன்றாவது பொத்தான் இல்லை.

காவலாளி பூங்கொத்து ஒன்றை நீட்டினான். முகர்ந்தேன். நினைத்தபடியே பிளாஸ்டிக். வரிசை முழுக்கக் கை தட்டியது.

"இருபத்தஞ்சு வருசம் அப்பனா நல்லா உழைச்சீங்க. அப்பனுக்கும் ஆள் வந்தாச்சு," என்றான்.

"நான் இப்ப எங்க போறது?"

அவன் இடுப்புவரை குனிந்து வணங்கினான். நிமிரவே இல்லை.

பூங்கொத்தோடு நடையில் நடக்கிறேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி மேகலா என்று கூப்பிடுகிறேன். உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள். திறப்பதில்லை.

சொல்ல வந்தது இன்னும் வாயிலேயே இருக்கிறது. இரண்டு விநாடிதான் ஆகும்.